புள்ளடி போடப் பிரித்தானியக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை

2023 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. ஹரோவில் நான் எடுக்கும் ‘லைஃப் இன் தி யூகே’ சோதனை வகுப்பு முடிந்து மேசைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாரும் போனபிறகும் ஒரு அக்கா மட்டும் நின்றார். கைப்பைக்குள் இருந்து நாலாக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். கவுன்சில் அனுப்பியது. இந்த வீட்டில் யார் யாருக்கு வாக்குரிமை இருக்கிறது என்று வருடாவருடம் விசாரித்து வரும் கடிதம்.

“தம்பி, எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை எண்டு இங்கிலிசில ஒரு வசனம் எழுதித் தாங்கோ. மூண்டு வருசமா வருது. பயமாக் கிடக்கு.”

கணவரோடு சேர வந்தவர் அவர். இலங்கைக் கடவுச்சீட்டு. நிரந்தர வதிவிட உரிமைகூட இன்னும் இல்லை. அதற்குத்தான் இந்தச் சோதனையே. 45 நிமிடத்தில் 24 கேள்வி, 18 சரியாக வரவேண்டும். நாடாளுமன்றத்தில் எத்தனை ஆசனம் என்று நித்திரையில் தட்டிக் கேட்டாலும் 650 என்பார். அதில் ஒரு ஆசனத்தைத் தீர்மானிக்கத் தனக்கும் வாக்கு இருக்கிறதென்பது அவருக்குத் தெரியாது. அதற்கு அவரைக் குறை சொல்லமுடியாது. சோதனைக்கான கையேட்டில் அந்த வசனம் இருக்கிறது. வகுப்பில் நான் பல வருடமாக அதை வாசித்துவிட்டுத் தாண்டிப்போயிருக்கிறேன்.

விசயம் இவ்வளவுதான். பொதுநலவாய (கொமன்வெல்த்) நாடொன்றின் பிரஜையாக இருந்து, இங்கே வசித்து, இங்கே இருக்கச் செல்லுபடியான விசாவும் இருந்தால், 18 வயதானவர் எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். நாடாளுமன்றம், கவுன்சில், லண்டன் மேயர், எல்லாம்தான். இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் பொதுநலவாயத்துக்குள் வருபவை. சென்னையிலிருந்து வந்து ஒரு வருட மாஸ்டர்ஸ் படிக்கும் மாணவருக்கும் வாக்கு உண்டு. 1,500 பவுணுக்கு மேல் கட்டிப் பிரஜாவுரிமை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் விசா முடிவு வராமல் தஞ்சக் கோரிக்கையோடு மட்டும் இருப்பவர்கள் பதியக்கூடாது. பொய்த் தகவல் கொடுத்துப் பதிவது குற்றம். பிறகு பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அது எழும்பி நிற்கும்.

இதில் எங்கள் சனத்துக்கென்றே ஒரு வினோதம் இருக்கிறது. பிரான்சிலோ ஜேர்மனியிலோ இருபது வருடம் இருந்து, அந்த நாட்டுப் பிரஜையாகி, பிறகு பிள்ளைகளின் படிப்புக்கென்று லண்டன் வந்த குடும்பங்கள் ஏராளம். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவருக்குப் பொதுத்தேர்தலில் வாக்கில்லை. 2020 முடிவதற்குள் வந்து சட்டப்படி தொடர்ந்து இருப்பவரென்றால் கவுன்சில் தேர்தலில் மட்டும் உண்டு. பதினைந்து வருடமாக இங்கே வரி கட்டும் மனைவிக்குப் பொதுத்தேர்தலில் வாக்கில்லை. போன வருடம் இலங்கையிலிருந்து வந்த மைத்துனருக்கு இருக்கிறது. இதை வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள், பிறகு கோபப்படுவார்கள். அந்தக் கோபம் நியாயமென்றே எனக்கும் படுகிறது.

ஏன் இப்படி? பேரரசுக் காலத்தில் யாழ்ப்பாணத்தானும் பம்பாய்க்காரனும் லண்டன்காரனும் சட்டத்தின் கண்ணில் ஒரே பிரித்தானியக் குடிதான். அதனால்தான் 1892இல் இந்தியரான தாதாபாய் நௌரோஜி லண்டன் ஃபின்ஸ்பரியில் போட்டியிட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்கு வித்தியாசத்தில் நாடாளுமன்றத்துக்குப் போனார். பேரரசு போய்விட்டது, வாக்கு மட்டும் நிலைத்துவிட்டது. எங்களை ஆண்ட கணக்கில் மிஞ்சிய சில்லறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையை யாரும் தெருவில் எறிவதில்லையே.

இவ்வளவையும் அந்த அக்காவுக்கு விளக்கினேன். தலையாட்டினார். முகம் மட்டும் தெளியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார்: “எண்பத்திமூண்டில நாங்கள் வெள்ளவத்தையில இருந்தனாங்கள்.”

அதற்குமேல் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்த ஜூலை இனக்கலவரத்தில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு, அதாவது வாக்காளர் பெயர்ப்பட்டியல், இருந்தது. எட்டு வயதில் அதற்குள் அகப்பட்ட ஒருவரிடம் ‘உங்கட பெயரை இடாப்பில் போடுங்கோ’ என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விழிப்புணர்வு கொடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். சோம்பல் என்று நாங்கள் நினைப்பது பலவேளை பழைய பயம்.

ஆகவே பயத்துக்குரிய பதிலைச் சொன்னேன். இங்கே இடாப்பு இரண்டு வகை. முழு இடாப்பு தேர்தலுக்கும், ஜூரி அழைப்புக்கும், வங்கிகள் கடன் கொடுக்குமுன் ஆளைச் சரிபார்ப்பதற்கும். இன்னொன்று யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய திறந்த இடாப்பு. பதியும்போதே அதில் சேர்க்கவேண்டாமென்று ஒரு பெட்டியில் தெரிவு செய்தால் போதும், பெயர் வராது. பெயர் வெளிவந்தால் உயிருக்கு ஆபத்தென்று நீதிமன்ற ஆணை போன்ற சான்று காட்டக்கூடியவர்கள், பெயர் தெரியாமலே பதியவும் வழி இருக்கிறது.

ஊரில் கிராம சேவகர் வீட்டுக்கு வந்து குடும்பத்தையே எழுதிக்கொண்டு போவார். அந்தப் பழக்கத்தில், மகன் பதிந்திருப்பான், வீட்டுக்காரர் பதிந்திருப்பார் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். 2014இலிருந்து இங்கே ஒவ்வொருவரும் தன்னைத் தானே பதியவேண்டும். அரசின் இணையத்தளத்தில் தேசிய காப்புறுதி இலக்கத்தைக் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. தேர்தலுக்கு 12 வேலைநாள் முந்தி முடித்திருக்க வேண்டும். வீடு மாறினால் திரும்பவும் பதியவேண்டும். உண்மையில் என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் ஜனநாயகத்தைத் தேடி வருவதில்லை; வீட்டுக்கடன் கேட்ட இடத்தில் ‘இடாப்பில் உங்கள் பெயரைக் காணவில்லை’ என்றார்களாம். அதனாலென்ன, வரட்டும்.

வாக்குச்சீட்டில் எங்கள் ஆட்களுக்கு வரும் தடுமாற்றம் வேறு. இலங்கையில் கட்சிக்கு ஒரு புள்ளடி (X), பிறகு மூன்று விருப்பு வாக்கு. இங்கே பொதுத்தேர்தலில் ஒரேயொரு ஆளுக்கு ஒரேயொரு புள்ளடி. இரண்டு பேருக்குப் போட்டால் சீட்டு கழியும். லண்டன் கவுன்சில் தேர்தலில் வட்டாரத்துக்கு மூன்று இடம் இருந்தால் மூன்று புள்ளடிவரை போடலாம். தபால் வாக்கென்றால் கையெழுத்தில் கவனம்: விண்ணப்பத்தில் தமிழில் வைத்துவிட்டு வாக்கோடு போகும் படிவத்தில் இங்கிலிசில் வைத்தால், பொருந்தவில்லையென்று தள்ளுவார்கள். ஒரு ஐயாவுக்கு அப்படித்தான் போனது.

2023 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் வாக்குச்சாவடியில் படமுள்ள அடையாளம் கேட்கிறார்கள். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுகளும் செல்லும். காலாவதியானாலும் படத்தில் முகம் ஒத்திருந்தால் போதும். 60 வயதுக்காரரின் ஒய்ஸ்டர் பயண அட்டை செல்லும், மாணவரின் ஒய்ஸ்டர் அட்டை செல்லாது. என்ன கணக்கோ! ஒன்றுமே இல்லாதவர்கள் இலவசமாக வாக்காளர் சான்றிதழ் எடுக்கலாம்.

வாக்கு இல்லாதவர்களுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. தொகுதியில் குடியிருந்தால் போதும், எம்.பி.யிடம் முறையிடலாம். விசா இழுபடுகிறது, உதவிப்பணம் நின்றுவிட்டது என்றால் அவருடைய அலுவலகம் அமைச்சுக்கு எழுதும். குப்பை எடுக்கவில்லை, கவுன்சில் வீடு ஒழுகுகிறது என்றால் கவுன்சிலரிடம் போகவேண்டும். எம்.பி. மக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு இங்கே ‘சர்ஜரி’ என்று பெயர்; டொக்டரின் கிளினிக்குக்கும் அதே பெயர்தான். ஒரு அம்மா மருந்துக் குளிசைப் பட்டியலோடு அங்கே போய் இருந்ததும் நடந்திருக்கிறது.

“என்ர ஒரு வாக்கால என்ன நடக்கப்போகுது?” என்பதும் கட்டாயம் வரும். 2024 ஜூலையில் எங்களுக்குப் பக்கத்துத் தொகுதியான ஹென்டனில் வெற்றியைத் தீர்மானித்தது 15 வாக்கு. என் வகுப்பு வரவுப் பதிவேட்டில் அந்த மாதம் இருந்த பெயர்கள் 18.

அதே தேர்தல் நாளன்று பின்னேரம் அந்த அக்கா தொலைபேசி எடுத்தார். கடவுச்சீட்டைக் காட்டினாராம், பெயரைத் தேடிக் கோடு போட்டார்களாம், கயிற்றில் கட்டியிருந்த பென்சிலால் புள்ளடி போட்டுப் பெட்டிக்குள் போட்டுவிட்டாராம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, விரலில மை பூசேல்லை. மறந்துபோச்சினமோ? திரும்பிப் போய்ச் சொல்லட்டோ?”