பேட்ஜைப் பார்க்காதீர்கள், முதல் எழுத்தைப் பாருங்கள்

போன சனிக்கிழமை மிச்சிகன் மாநிலத்துக் கேன்டனில் ஒரு கார் ஷோரூமில் நின்றுகொண்டு நண்பர் ஒருவர் போன் செய்தார். "அண்ணா, நாம பிழைக்கிறது டெட்ராய்ட் பக்கம். அதனால அமெரிக்கக் கார்தான் வாங்கணும்னு வீட்ல முடிவு பண்ணியாச்சு. ஒண்ணு பார்த்து வச்சிருக்கோம், வாங்கலாமா?"

கார் பாகங்கள் செய்யும் கம்பெனிகளில் இருபது வருடமாகத் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராகக் குப்பை கொட்டுகிறேன். அதனால் இந்த மாதிரி போன் எனக்கு மாதம் ஒன்றாவது வந்துவிடும். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: அமெரிக்கக் கார் என்றால் எது?

வம்புக்காகக் கேட்கவில்லை. இந்தக் கேள்வியோடு நான் பனியில் நடந்திருக்கிறேன். 2004இல் மிச்சிகனுக்கு வந்த புதிதில், எங்கள் வாடிக்கையாளரான ஒரு கார் ஆலைக்கு மீட்டிங் போக வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தது ஒரு பழைய டொயோட்டா கொரோலா. வாசலில் காவலர் நிறுத்தி, வெளிநாட்டு வண்டிக்கெல்லாம் இங்கே இடமில்லை, சாலைக்கு அந்தப்பக்கம் போடு என்றார். ஜனவரி மாதக் குளிரில் அரை மைல் நடை. கூட வந்த சக ஊழியரின் கிரைஸ்லர் பி.டி. குரூசர் மட்டும் வாசலுக்கு நேர் எதிரே சொகுசாக நின்றது.

அந்தக் கொரோலா கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் தயாரானது. செய்தவர்கள் யு.ஏ.டபிள்யூ. தொழிற்சங்க உறுப்பினர்கள், அதாவது என்னை வாசலில் நிறுத்திய ஆலைத் தொழிலாளிகளின் சங்கக்காரர்களே. பி.டி. குரூசர் மெக்சிகோவின் டொலூக்காவில் தயாரானது. போதாக்குறைக்கு கிரைஸ்லரின் தாய்க் கம்பெனியான டைம்லர்கிரைஸ்லரின் தலைமையகம் அப்போது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இருந்தது. இதெல்லாம் அன்றைக்குக் காவலருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? டிரைவர் பக்கம் முன்கண்ணாடிக்கு அடியில், டேஷ்போர்டு ஓரத்தில், 17 எழுத்தும் எண்ணுமாக ஒரு தகடு இருக்கும். வெளியில் நின்றே படிக்கலாம். அதுதான் வின் நம்பர், வண்டியின் அடையாள எண். முதல் எழுத்து 1, 4, 5 என்றால் அமெரிக்கா. டெஸ்லா போன்ற சில வண்டிகளில் 7. கனடாவுக்கு 2, மெக்சிகோவுக்கு 3, ஜப்பானுக்கு ஜே, கொரியாவுக்கு கே, ஜெர்மனிக்கு டபிள்யூ. இதைத் தெரிந்துகொண்டு ஒரு பார்க்கிங் லாட்டில் கால் மணி நேரம் நடந்து பாருங்கள், தலை சுற்றும். ஃபோர்டு மேவரிக் பிக்கப்பில் 3 இருக்கும், மெக்சிகோவின் எர்மோசீயோவில் இருந்து வருவது. டொயோட்டா சியன்னா இந்தியானா மாநிலத்து பிரின்ஸ்டனில் தயாராவது. ஹோண்டா ஒடிசி அலபாமாக்காரி. பி.எம்.டபிள்யூ.வின் எக்ஸ் வரிசை வண்டிகளில் பெரும்பாலானவை தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் தயாராகி அங்கிருந்து உலகம் முழுக்கப் போகின்றன.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு எழுத்து: எம். 2018 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு ஈகோஸ்போர்ட் வண்டிகளில் அந்த எழுத்தைப் பார்க்கலாம். மறைமலை நகரில் தயாராகிக் கப்பலேறி வந்தவை. டியர்பார்ன் ஃபோர்டு ஊழியர் ஒருவர் அதை வைத்திருந்தார். உன் வண்டி எங்கள் ஊர்க்காரி என்று சொன்னபோது அவர் நம்பவே இல்லை. கதவைத் திறந்து லேபிளைக் காட்ட வேண்டியிருந்தது.

புது வண்டி என்றால் கண்ணாடியில் இன்னொரு ஒட்டுத்தாளும் இருக்கும். 1992இல் வந்த சட்டம், 1994 அக்டோபரில் இருந்து கட்டாயம். கடைசியாக எந்த ஊரில் பாகங்களைப் பூட்டி வண்டியாக்கினார்கள், எஞ்சின் எந்த நாடு, கியர்பாக்ஸ் எந்த நாடு, பாகங்களில் எத்தனை விழுக்காடு உள்நாடு என்று அதில் போட்டிருக்கும். அந்த விழுக்காட்டுக்கான படிவத்தைச் சப்ளையர் பக்கத்தில் இருந்து நிரப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. 'உள்நாடு' என்பதில் கனடாவும் சேர்த்தி. அந்த எண் உங்கள் வண்டிக்கு உரியது இல்லை, அந்த மாடல் முழுமைக்குமான சராசரி. வெளி சப்ளையர் செய்யும் பாகத்தின் மதிப்பில் 70 விழுக்காடு உள்நாடு என்றால் முழுப் பாகமும் உள்நாட்டுக் கணக்கில் ஏறிவிடும். வண்டியைப் பூட்டும் ஆலையின் கூலியோ கணக்கிலேயே வராது. இவ்வளவு ஓட்டை இருந்தாலும், போனெட்டில் இருக்கும் பேட்ஜைவிட அந்தத் தாள் உண்மை பேசும்.

அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: அப்படியானால் அமெரிக்கத் தொழிற்சாலைகள் அழிந்ததற்கு வெளிநாட்டுக் கம்பெனிகள் காரணமில்லையா? 1979இல் அமெரிக்காவில் உற்பத்தித் துறையில் 1.95 கோடிப் பேர் வேலை பார்த்தார்கள். 2010 தொடக்கத்தில் அது சுமார் 1.15 கோடி. இதில் பெரிய சரிவு 2000க்குப் பிறகான பத்தாண்டுகளில்தான். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது, இயந்திரமயம் ஒரு பக்கம், கடைசியில் 2008 நெருக்கடி. ஆனால் மிச்சிகன்காரர்களைக் கேட்டால் கதையை 1973, 1979 பெட்ரோல் தட்டுப்பாட்டில் இருந்துதான் தொடங்குவார்கள். சின்ன ஜப்பான் கார்கள் உள்ளே வந்த காலம். ஜப்பான் மேல் வந்த அந்தக் கோபம் எங்கே போய் முடிந்தது என்பதையும் நம்மவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1982 ஜூனில் வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளி இளைஞரை ஹைலண்ட் பார்க்கில் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். அடித்தவர்களில் ஒருவர் கிரைஸ்லர் சூப்பர்வைசர். சிறைத் தண்டனை கிடையாது, 3,000 டாலர் அபராதமும் நன்னடத்தைக் காவலும்தான். செத்துப்போன சின் ஜப்பானியரே இல்லை.

1981இல் ஜப்பானில் இருந்து வரும் கார்களுக்கு வருடத்துக்கு 16.8 லட்சம் என்று வரம்பு வைத்தார்கள். வரம்பு வந்ததும் ஜப்பான்காரர்கள் விலை அதிகமான வண்டிகளாகப் பார்த்து அனுப்பினார்கள். இங்கேயே ஆலையும் போட்டார்கள். ஹோண்டா 1982 நவம்பரில் ஒஹையோவின் மேரிஸ்வில்லில் அக்கார்டைச் செய்யத் தொடங்கியது. 1983இல் நிசான் டென்னசியில், 1988இல் டொயோட்டா கென்டக்கியில். ஐ-75 நெடுஞ்சாலையில் தெற்கே போகப் போக ஆலைகள். பெரும்பாலும் சங்கம் இல்லாத ஆலைகள், அதையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்கத் தொழிலாளிக்கு வேலை செய்யத் தெரியாது, சங்கம்தான் கெடுத்தது என்று சொல்பவர்களுக்கு நான் என் கொரோலா பிறந்த ஆலையைக் காட்டுவேன். ஃப்ரீமான்ட் ஆலை முதலில் ஜெனரல் மோட்டார்ஸுடையது. ஐந்தில் ஒருவர் வேலைக்கே வராத ஆலை என்று பெயர் வாங்கி, 1982இல் இழுத்து மூடினார்கள். 1984இல் ஜி.எம்.மும் டொயோட்டாவும் கூட்டாகத் திறந்து நும்மி என்று பெயர் வைத்தன. அதே சங்கம், பெரும்பாலும் அதே ஆட்கள். நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். உற்பத்தி லைனில் நிற்கும் யார் வேண்டுமானாலும் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், சிக்கல் தீராவிட்டால் லைன் நிற்கும். பழைய ஆலையில் லைனை நிறுத்துவது வேலையை இழக்கும் குற்றம். இரண்டே வருடத்தில் அங்கிருந்து வந்த கார்கள் தரத்தில் ஜப்பான் கார்களோடு போட்டி போட்டன. மற்ற ஆலைகளுக்கு அதைக் கொண்டுபோக ஜி.எம். எடுத்துக்கொண்ட காலம்தான் கொடுமை. 2009இல் ஜி.எம். திவால் மனு கொடுத்தது, அடுத்த வருடம் நும்மியும் மூடப்பட்டது. இப்போது அங்கே டெஸ்லா ஓடுகிறது.

கயிற்றின் கதை ஆலைக்குள்ளே நடந்தது. ஆலைக்கு வெளியே, எங்களைப் போன்ற சப்ளையர் பட்டறைகளில் என்ன நடந்தது என்பதை யாரும் அதிகம் எழுதுவதில்லை. நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் கார் இருக்கையைத் தாங்கும் பிராக்கெட்டைத் தகட்டில் அடித்தோம். ஒரே கூரையின் கீழ், உள்ளூர்க் கம்பெனி ஒன்றுக்கும் ஜப்பான் கம்பெனி ஒன்றின் அமெரிக்க ஆலைக்கும். இரண்டிலும் ஒரே மாதத்தில் ஓரத்தில் பிசிறு வந்தது, கை வைத்தால் கிழிக்கும் பிசிறு.

உள்ளூர் வாடிக்கையாளரிடம் இருந்து இரவு இரண்டு மணிக்கு மின்னஞ்சல். பொறுக்கிப் பிரிக்க ஆள் வைத்துவிட்டோம், செலவு உங்கள் கணக்கில், லைன் நின்ற நிமிடங்களுக்குத் தனி பில், 24 மணி நேரத்தில் காரணம் எழுதிக் கொடு. நானும் எழுதிக் கொடுத்தேன், 'ஊழியருக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது' என்று. உலகத்தில் எழுதப்பட்ட தர அறிக்கைகளில் பாதி இந்த ஒரு வரிதான். மூன்றாவது வாரம் அதே பிசிறு மறுபடி வந்தது. அதே வாரம் கொள்முதல் பிரிவில் இருந்து விலையை மூன்று விழுக்காடு குறைக்கச் சொல்லிக் கடிதமும் வந்தது.

அந்த ஜப்பான் கம்பெனியில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். மீட்டிங் ரூம் வேண்டாம் என்று நேரே தகட்டை அடிக்கும் பிரஸ் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றார்கள். ஒருவர் தரையில் பழுப்புக் காகிதத்தை விரித்து, அடிக்க அடிக்க வந்த பிராக்கெட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போனார். மதியத்துக்குள் தெரிந்துவிட்டது, புதுத் தகட்டுச் சுருள் மாட்டிய பிறகுதான் பிசிறு கூடுகிறது. தகட்டின் நுனியைக் கண்ணளவில் உள்ளே தள்ளுவதால் முதல் அடி பாதித் துளையில் விழுந்து, துளை போடும் பஞ்ச் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, கீழே இருக்கும் அச்சான டையின் விளிம்பு உடைகிறது. தகடு எங்கே நிற்க வேண்டும் என்று டையில் ஒரு தடுப்பு ஊசி வைத்தோம். சில டாலர் செலவு. பிரஸ் ஓட்டியவர் இதை ஃபோர்மேனிடம் முன்பே சொல்லியிருந்தாராம்.

ஜப்பான்காரர்கள் தர்மவான்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களும் வருடா வருடம் விலையைக் குறைக்கத்தான் சொல்வார்கள். ஆனால் எங்கே குறையும் என்று கூட நின்று தேடுவார்கள். சப்ளையர்களிடம் ஆண்டுதோறும் எடுக்கும் கணிப்பில் டொயோட்டாவும் ஹோண்டாவும் பல ஆண்டுகளாக மேலே இருப்பதற்கு வேறு ரகசியம் இல்லை. மறுபக்கம், 1992இல் ஜி.எம்.மின் கொள்முதல் தலைவராக வந்த இக்னாசியோ லோபெஸ், ஏற்கெனவே போட்டிருந்த ஒப்பந்தங்களையே புறந்தள்ளி விலையை வெட்டியதை இன்னும் பழைய சப்ளையர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். ஜி.எம். தனிக் கம்பெனியாகக் கழற்றிவிட்ட பாகங்கள் பிரிவான டெல்ஃபை 2005இல் திவாலானது, ஃபோர்டு அப்படிக் கழற்றிவிட்ட விஸ்டியான் 2009இல்.

அதே 2009இல் டெட்ராய்ட் பக்கத்து மெகோம்ப் கவுண்டியில் ஒரு டை பட்டறை ஏலத்துக்கு வந்தது. அளவு பார்க்கும் கிரானைட் மேசை ஒன்று எடுக்கலாமென்று போனேன். முப்பது பேர் வேலை பார்த்த இடம். பிரஸ்களில் ஒட்டியிருந்த சீட்டில் வாங்கியவர் பெயருக்குக் கீழே துறைமுகத்தின் பெயர் இருந்தது. ஒரு நல்ல டை மேக்கர் உருவாகக் குறைந்தது எட்டு, பத்து வருடம் ஆகும் என்பது என் அனுபவக் கணக்கு. கார் ஆலை மூடினால் டிவியில் வரும், அரசியல்வாதி வருவார். இந்தப் பட்டறை மூடியது உள்ளூர்ப் பத்திரிகையில்கூட வரவில்லை.

உள்நாட்டு பேட்ஜுக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும். வண்டியை எங்கே பூட்டினாலும், ஜி.எம்.மின் வடிவமைப்பு வேலை பெரும்பாலும் வாரன் நகரத்தில், ஃபோர்டுடையது டியர்பார்னில். நம்மவர்களில் எத்தனையோ பேருக்குச் சம்பளம் வருவது அந்த வேலையில் இருந்துதான். 'உள்ளூருக்கு உதவணும்' என்பவர் தொழிலாளியை நினைக்கிறாரா, பொறியாளரை நினைக்கிறாரா என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். டேஷ்போர்டு ஓரத்தில் முதல் எழுத்தைப் படி என்றேன். போனை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடக்கும் சத்தம் கேட்டது. அவர் பார்த்து வைத்திருந்தது ஷெவர்லே டிராக்ஸ்.

"அண்ணா, கேன்னு ஆரம்பிக்குது."

"கொரியா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மனைவியிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தார். "விலை ஒத்து வருதுண்ணா, இதையே எடுத்துடறோம். வீட்ல அமெரிக்கக் கார்னே சொல்லிக்கறேன்."

சரி என்றேன்.