இத்தனை மேயர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "இயற்பியலில் வாயுக்களின் வெப்ப ஏற்புத்திறன்களை இணைக்கும் மேயர் தொடர்பு வருகிறது. வேதியியலில் தனிமங்களை வரிசைப்படுத்திய லோதர் மேயர். உயிரியலில் சிற்றினத்துக்கு வரையறை தந்த எர்ன்ஸ்ட் மேயர். அணுக்கருவின் கூடு மாதிரிக்காக 1963இல் நோபல் வாங்கிய மரியா மேயர். எல்லோரும் ஒரே குடும்பமா?"

இல்லை. ஒருவருக்கொருவர் சொந்தமே கிடையாது. மரியாவுக்கு அந்தப் பெயர் அமெரிக்கக் கணவர் வழியாக வந்தது. உறவே இல்லாத இத்தனை பேருக்கு ஒரே குடும்பப் பெயர் எப்படி வாய்த்தது என்பதில்தான் சுவாரசியமான அறிவியல் இருக்கிறது.

முதலில் பெயரின் பிறப்பு. லத்தீனில் 'மாயோர்' என்றால் பெரியவர். இடைக்கால ஜெர்மனியில் பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் நிலம் அங்கங்கே சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு மேற்பார்வையாளர்: விளைச்சலில் பங்கு வசூலிப்பதும், குடியானவர்களை வேலைக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பு. அவருக்குத்தான் 'மேயர்' என்று பெயர் (ஜெர்மன்காரர்கள் வாயில் அது 'மையர்'). 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இந்த ஏற்பாடு கலைந்து, பண்ணைகள் குத்தகைக்குப் போக, பல இடங்களில் பெரிய குத்தகை விவசாயியையே மேயர் என்றார்கள். நம் மாநகராட்சி மேயரும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்தவர்தான், ஆனால் ஆங்கிலத்தின் வழியாக. மதராஸுக்கு அந்தப் பதவி 1688இலேயே வந்துவிட்டது.

குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் ஜெர்மனியில் நகரங்களில் தொடங்கி மெல்லக் கிராமங்களுக்குப் பரவியது. தச்சர், மீனவர், மாவு மில்காரர் என்று தொழிலே பெயராக ஒட்டிக்கொண்ட காலம் அது. பண்ணைக்கு ஒரு மேயர் என்றால் நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் தனித்தனியாக அந்தப் பெயரைத் தொடங்கினார்கள் என்று அர்த்தம். அடையாளத்துக்காக முன்னால் ஏதாவது சேர்த்தும் கொண்டார்கள். நீமேயர் என்றால் புது மேயர். இன்றைய ஜெர்மானிய அதிபர் ஸ்டைன்மையர் பெயரில் இருக்கும் ஸ்டைன் என்பது கல். அவர் பிறந்த டெட்மோல்ட் பகுதி இப்படிப்பட்ட கூட்டுப்பெயர்களுக்குப் பேர்போனது. ஓப்பன்ஹைமரை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்; அது ஓப்பன்ஹைம் என்ற ஊரின் பெயரால் வந்தது. யூதக் குடும்பங்கள் பலவற்றில் மேயர் என்ற பெயர் 'ஒளி தருபவர்' என்று பொருள்படும் மேயிர் என்ற எபிரேயப் பெயரிலிருந்து வந்தது. ஒலி ஒன்று, வேர் வேறு.

எழுத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. 'எம்' எழுத்துக்குப் பின்னால் 'இ' அல்லது 'ஏ', அடுத்து 'ஐ' அல்லது 'ஒய்', கடைசியில் 'இ-ஆர்'. உச்சரிப்பு ஒன்றுதான், ஆனால் நான்கு விதமாக எழுதலாம். கடைசி 'இ'யை விட்டுவிட்டால் இன்னும் சில. பாதிரியாரும் ஊர்க் கணக்கரும் காதில் விழுந்ததை அந்தந்த வட்டார வழக்கப்படி பதிந்தார்கள். 1876 முதல் ஜெர்மானியப் பேரரசு முழுவதும் பிறப்பும் திருமணமும் அரசுப் பதிவுக்கு வந்தன. இருந்த எழுத்து அப்படியே உறைந்தது. அதனால் எழுத்தைப் பார்த்தே பிறந்த திசையை ஓரளவு ஊகிக்கலாம். 'இ-ஒய்' போட்ட லோதர் வடக்கே ஃபாரெலில் பிறந்தவர். மேயர் தொடர்புக்குப் பெயர் தந்த ராபர்ட் மேயருக்கு 'ஏ-ஒய்'. அவர் தென்மேற்கே ஹைல்பிரோன். கடைசி 'இ' இல்லாத எர்ன்ஸ்ட், தெற்கே பவேரியாவின் கெம்ப்டன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் யோகம் என்று நம் ஊரில் காசு வாங்குகிறார்கள். வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறும் என்று ராபர்ட் மேயர் 1842இல் எழுதியபோது கண்டுகொள்ள ஆளில்லை. மனம் உடைந்து மருத்துவமனையில் அடைபட்டார். 1871இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் என்ற உயர்ந்த விருதைக் கொடுத்தது. இரண்டு காலத்திலும் அவர் பெயரில் இருந்தவை அதே ஐந்து எழுத்துகள். பெயர் எண்கணிதத்துக்குப் போகும் பணத்தில் பிள்ளைக்கு நல்ல புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்.

சரி, பெயரை நிறையப் பேர் தொடங்கினார்கள். ஆனால் சில நூறு ஆண்டுகளில் எத்தனையோ பெயர்கள் அழிந்துபோக, இது மட்டும் ஏன் நிலைத்தது? பிரிட்டிஷ் பிரபு குடும்பங்களின் பெயர்கள் ஏன் மறைகின்றன என்று 1873இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிவியலாளர் ஒரு கணக்காகக் கேட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை தேடினார். அந்த முறையைக் கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒவ்வொரு தம்பதிக்கும் வளர்ந்து ஆளாகும் பிள்ளைகள் இரண்டு என்று வையுங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வாய்ப்பு. பெயர் ஆண்வழியில் மட்டும் போகிறது. மக்கள்தொகை கூடாது, குறையாது. ஒருவரின் பெயர் எப்போது நின்றுபோகும்? முதல் பிள்ளை பெண்ணாக இருக்க வேண்டும், அல்லது ஆணாக இருந்து அவன் வழி நின்றுபோக வேண்டும். இரண்டாம் பிள்ளைக்கும் அப்படியே. ஆகவே பெயர் நின்றுபோகும் வாய்ப்பைக் கணக்கிட விதி இதுதான்: கையில் இருக்கும் எண்ணோடு 1 கூட்டு, பாதியாக்கு, வர்க்கப்படுத்து.

பூஜ்யத்தில் தொடங்குங்கள். முதல் தலைமுறைக்கு 0.25. அதோடு 1 கூட்டிப் பாதியாக்கினால் 0.625, வர்க்கம் 0.39. அடுத்து 0.48, அப்புறம் 0.55. பத்தாவது தலைமுறையில் 0.74. அதாவது சுமார் 300 ஆண்டுகளில், நான்கில் ஏறத்தாழ மூன்று வழிகள் நின்றுபோகின்றன. யாருக்கும் பஞ்சமோ போரோ வரவில்லை, குழந்தைகளும் குறையவில்லை!

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அடுத்து வருகிறது. நூறு பேரிடம் நூறு வெவ்வேறு பெயர்கள் இருந்தால், பத்துத் தலைமுறைக்குப் பின் சுமார் 26 பெயர்களே மிஞ்சும். ஆனால் சராசரியாக ஆண்கள் அதே நூறு பேர்தான். ஆகவே மிஞ்சிய பெயர் ஒவ்வொன்றையும் சராசரியாக நான்கு பேர் சுமப்பார்கள். அதில் திறமையும் இல்லை, வீரியமும் இல்லை. தற்செயல் மட்டுமே பெயர்களை இப்படிச் சிலவற்றில் குவிக்கிறது. இப்போது ஒரே பெயரை 20 பேர் தனித்தனியாகத் தொடங்கினார்கள் என்று வையுங்கள். பத்துத் தலைமுறையில் அத்தனை வழியும் நின்றுபோக வேண்டுமானால் 0.74ஐ இருபது முறை பெருக்க வேண்டும்: 400இல் ஒரு வாய்ப்பு. ஆயிரக்கணக்கானோர் தொடங்கிய மேயருக்கு அழிவே கிட்டத்தட்ட சாத்தியமில்லை. இன்று ஜெர்மனியில் இதன் ஓர் எழுத்து வடிவம் மட்டுமே முதல் பத்துப் பெயர்களுக்குள் வந்துவிடுகிறது.

இதை மரபணுவிலும் சோதிக்கலாம், ஏனென்றால் ஒய் குரோமோசோமும் தந்தையிடமிருந்து மகனுக்கே போகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 2009இல் பிரிட்டனில் பார்த்தார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர்க்காரர்களில் பெரும்பாலானோரிடம் ஒரே வகை ஒய். கொல்லர் என்று பொருள்படும் ஸ்மித்துகளிடமோ, தெருவில் போகும் யாரோ சிலரை நிறுத்தி எடுத்தால் எவ்வளவு வேறுபாடு இருக்குமோ அவ்வளவு.

கால்டன் கணக்கு பின்னாளில் அணுக்கருத் தொடர்வினைக்கும் தொற்றுநோய்ப் பரவலுக்கும் பயன்பட்டது. ஒரு நியூட்ரான் எத்தனை நியூட்ரானைக் கிளப்பும், ஒரு நோயாளி எத்தனை பேருக்குத் தருவார் என்பது அதே கேள்விதானே? பெயர் அழிவதைப் பற்றி ஆராய யாராவது இன்று நிதி கேட்டால் 'சமூகத்துக்கு என்ன பயன்' என்ற கட்டத்தில் எதை நிரப்புவார்கள்? நிதிக் குழுக்கள் அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

2025 மே முதல் ஜெர்மனியில் தம்பதிகள் இருவர் பெயரையும் சேர்த்து இரட்டைப் பெயராக வைத்துக்கொள்ளலாம். பெண்வழியிலும் பெயர் போனால் அழிவு குறையுமா? ஓர் அண்ணனும் தங்கையும் ஒரு பெயரைத் தொடங்குகிறார்கள், ஒவ்வொரு தம்பதியும் பூவா தலையா போட்டு ஒருவர் பெயரைப் பிள்ளைகள் இருவருக்கும் வைக்கிறார்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 0.25, 0.39, 0.48 என்று அதே எண்கள், தசமம் கூடப் பிசகாமல் வருகின்றன. இரட்டைப் பெயர் வைத்தால் அழிவு ஒரு தலைமுறை தள்ளிப்போகும். இரட்டைப் பெயர்க்காரர் இருவர் மணந்தால் கையில் நான்கு பெயர்கள். சட்டம் அனுமதிப்பது இரண்டைத்தான்.