மனச்சோர்வுக்கு ஆன்லைன் சுயஉதவி: உண்மையில் வேலை செய்வது எது?

மெசேஜ் அனுப்புகிறீர்கள், நீல டிக் விழுந்துவிட்டது, பதில் மட்டும் வரவில்லை. மனச்சோர்வில் இருக்கும் மனம் உடனே "என்னை யாருக்கும் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடும். ஆன்லைன் சுயஉதவித் திட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கை வைக்கின்றன. என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, அதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். நீங்கள் 90 என்று போடுகிறீர்கள். அப்புறம் அந்த நினைப்புக்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது, வேறு காரணம் இருக்க முடியுமா என்று கேட்டுவிட்டு, கடைசியில் மறுபடியும் சதவீதம் போடச் சொல்லும். அது 60-க்கு இறங்கினாலே போதும், பூஜ்யமாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இது 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய முறை: நினைப்பையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சை (Cognitive Behavioural Therapy), சுருக்கமாக சி.பி.டி. படிப்படியாகச் சொல்லித்தரக்கூடியது என்பதால்தான் கம்ப்யூட்டருக்கு எளிதாக மாறியது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 2001-லேயே 'மூட்ஜிம்' என்ற பெயரில் இதை இணையத்தில் ஏற்றிவிட்டது.

நினைப்பைச் சோதிப்பது சி.பி.டி.யின் ஒரு பாதிதான். இன்னொரு பாதி செயல் சார்ந்தது, என் கணக்கில் அதுதான் முக்கியமான பாதி. மனச்சோர்வு வந்தவர் ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார்: வெளியே போவது, பேசுவது, குளிப்பதுகூட. விட்ட பிறகு மனதுக்கு இதமாக எதுவும் நடக்க வழியில்லை, அதனால் சோர்வு கூடுகிறது, சோர்வு கூடியதால் இன்னும் கொஞ்சம் விட்டுப்போகிறது. மனசு சரியான பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் இந்தச் சுற்று அறுபடாது. அதனால் திட்டம் உங்களை முதலில் செய்யச் சொல்கிறது. நாளை மாலை 5 மணிக்குப் பத்து நிமிட நடை, போவதற்கு முன்பும் வந்த பிறகும் மனநிலைக்கு ஒரு மதிப்பெண், அவ்வளவுதான். பார்க்க அற்பமாக இருக்கும், ஆனால் 1996-ல் வெளியான ஓர் ஆய்வில் இந்தச் செயல் பகுதியை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது முழு சி.பி.டி.க்குக் குறையாத பலன் கிடைத்தது.

சிக்கல் எங்கே என்றால், தானாக ஒன்றைத் தொடங்கும் தெம்பைத்தான் இந்த நோய் முதலில் பறிக்கிறது, சுயஉதவி கேட்பதும் அதே தெம்பைத்தான். பிரிட்டனில் 691 நோயாளிகளை வைத்து நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், குடும்ப மருத்துவரின் வழக்கமான கவனிப்போடு இப்படிப்பட்ட திட்டங்களைச் சேர்த்தும் குறிப்பிடும்படி கூடுதல் பலன் இல்லை. பாதிப் பேர் ஓரிரு பாடங்களைத் தாண்டவே இல்லை! மருந்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் அது எப்படி வேலை செய்யும்?

இதற்கு மாற்றாகத்தான் நடுவில் ஒரு மனிதரை வைக்கிறார்கள், அவர் மனநல நிபுணராக இருக்க வேண்டும் என்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் லெபனானில் சோதித்த 'ஸ்டெப் பை ஸ்டெப்' திட்டத்தில், பயிற்சி பெற்ற சாதாரண உதவியாளர் வாரம் சுமார் 15 நிமிடம் பேசுவார் அல்லது மெசேஜ் அனுப்புவார். நடைப்பயிற்சி என்ன ஆச்சு, எங்கே தடைப்பட்டது என்று ஒருவர் கேட்கப்போகிறார் என்ற நினைப்பே ஆளைக் கிளப்பிவிடுகிறது. 39 ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்து 2021-ல் வெளியான அலசலும் இதையொட்டியே இருக்கிறது: மிதமான, கடுமையான மனச்சோர்வுக்கு ஆள் துணையோடு செய்வது கூடுதல் பலன் தருகிறது, லேசான மனச்சோர்வு என்றால் தனியாகச் செய்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

உங்களுடையது லேசானதா இல்லையா என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்கும் பி.எச்.கியூ-9 என்ற 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்சம் 27. பத்துக்குக் கீழே இருந்தால் தனியாகத் தொடங்கிப் பார்க்கலாம், பத்தோ அதற்கு மேலோ போனால் ஆள் துணை உள்ள திட்டத்தைத் தேடுங்கள், மருத்துவரையும் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய நினைப்பையும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. அதற்கு 'இல்லை' தவிர வேறு பதில் வந்தால், மொத்தம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஒரு மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசிவிடுங்கள்.