மீசையில் தொங்கும் டிஃபரன்ஷியல்

ஒரு டாட்சன் 240இசட் காரை லிஃப்டில் ஏற்றி, பின்சக்கரங்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பாருங்கள். வெளியே நின்றவரை நீண்ட மூக்கும் சரிந்து இறங்கும் கூரையும்தான் கண்ணை இழுத்திருக்கும். அடியில் போனால் முதலில் தென்படுவது ஒரு மீசை. காரின் குறுக்கே, இருபுறமும் வளைந்து ஓடும் தடித்த எஃகுப் பட்டை. அதன் நடுவில், இன்ஜினின் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரங்கள் அடங்கிய டிஃபரன்ஷியல் பெட்டியின் பின்முனை போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. உலகெங்கும் இந்தக் காரை வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டையை 'மீசை' என்றே அழைக்கிறார்கள். அதன் இரு நுனிகளும் ரப்பர் புஷ்களின், அதாவது அதிர்வை விழுங்கும் உருளைகளின், வழியாக உடலோடு இணைகின்றன. பெட்டியின் முன்மூக்கு இன்னொரு ரப்பர் கட்டையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினின் வலிமை முழுவதும் சக்கரங்களுக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு கனமான பொருளை, இப்படி ரப்பரை நம்பித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

1969 இறுதியில் நிசான் நிறுவனம் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய கார் இது. எஸ்30 என்பது அதன் தொழிற்சாலைப் பெயர். 2,393 சிசி ஆறு சிலிண்டர் இன்ஜினுடன் அமெரிக்காவுக்குப் போனபோது 240இசட் ஆனது. எடை ஒரு டன்னுக்குச் சற்றே மேல். அன்று அதோடு போட்டியிட்ட எம்ஜிபி போன்ற கார்களில் பின்பக்கம் முழு ஆக்சில்தான்; இடது சக்கரம் கல்லில் ஏறினால் வலது சக்கரமும் சேர்ந்து சாயும். இசட் காரில் நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும். அந்த விலைக்கு அது பெரிய விஷயம்.

பின்சக்கரத்தைத் தாங்கும் அமைப்பின் பெயர் சாப்மேன் ஸ்ட்ரட். லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மேன் 1950களின் பிற்பகுதியில் தன் பந்தயக் காருக்காக உருவாக்கியது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரு நெடுங்குழாய், மேல்முனை உடலில், கீழ்முனையில் சக்கரத்தின் ஹப், அதாவது சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி. சாப்மேன் எடையைக் குறைக்கப் பேராசை கொண்டவர். சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு கை வேண்டாம், சக்கரத்தைச் சுழற்றும் தண்டே அந்த வேலையையும் செய்யட்டும் என்று விட்டுவிட்டார். நிசான் பொறியாளர்கள் அந்தத் துணிச்சலைப் பின்பற்றவில்லை. அவர்கள் கீழே அகலமான, எச் வடிவ இரும்புக் கை ஒன்றைப் போட்டார்கள். பக்கவாட்டு விசையை அந்தக் கை தாங்கும். தண்டு சுழற்றினால் மட்டும் போதும்.

சரியான முடிவுதான். ஆனால் அதனால் தண்டுக்கு ஒரு புதுத் தேவை வந்தது. சக்கரம் ஏறி இறங்கும்போது அதற்கும் டிஃபரன்ஷியலுக்கும் இடையிலுள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே தண்டு நீளவும் குறுகவும் வேண்டும். இசட் காரின் அரைத்தண்டு இரண்டு துண்டுகளால் ஆனது. பள்ளங்களில் உருளும் குண்டுகளின் உதவியோடு ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும். இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயின்ட், அதாவது வளைந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு. மெதுவாகப் போகும்போது எல்லாம் சுகமாக நடக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் முறுக்கு விசை அந்தக் குண்டுகளைப் பள்ளத்தின் சுவரோடு நசுக்குகிறது. வழுக்க வேண்டியது இறுகிப் பிடித்துக்கொள்கிறது. அந்த நொடியில் சஸ்பென்ஷனின் ஒரு பகுதி உறைந்துவிட்டது என்றே சொல்லலாம். வளைவிலிருந்து வேகமெடுத்து வெளியேறும்போது, சக்கரம் சாலையின் மேடுபள்ளத்தைத் தொடர்ந்து போக வேண்டிய நேரத்தில், அது தயங்குகிறது.

யுனிவர்சல் ஜாயின்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. நேர்க்கோட்டில் இருந்தால் உள்ளே வரும் வேகமே வெளியே போகும். கோணத்தில் வளைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரி வளைவுக்கு அந்த ஏற்ற இறக்கம் இருபக்கமும் சுமார் 1.5 சதவீதம். தண்டின் மறுமுனையிலுள்ள ஜாயின்ட் அதே கோணத்தில் இருந்தால் இந்தத் துடிப்பை ஈடுகட்டிவிடும். தேய்மானம் வந்தால் ஈடுகட்டல் கெட்டு, இருக்கையின் அடியில் அதிர்வாகத் தெரியும். முதலில் வந்த கார்களில் டிஃபரன்ஷியல் சக்கர மையத்துக்குச் சற்று முன்னால் இருந்தது, தண்டுகள் பின்னோக்கி வளைந்து ஓடின. 1971இல் நிசான் பெட்டியை 35 மில்லிமீட்டர் பின்னால் தள்ளியது. மீசையின் வளைவும் அதற்கேற்ப மாறியது. இன்று வலிமையான இன்ஜின் பொருத்துகிறவர்கள் பலர் பழைய தண்டைக் கழற்றிவிட்டு, பின்னாளில் வந்த 280இசட்எக்ஸ் டர்போவின் சிவி ஜாயின்ட் தண்டுகளை மாட்டுகிறார்கள். அதில் கோணம் மாறினாலும் வேகம் துடிக்காது, முறுக்கு ஏறினாலும் வழுக்கல் இறுகாது. இந்தக் காரில் செய்யக்கூடிய மாற்றங்களில் இதை நான் முன்வரிசையில் வைப்பேன்.

மீசைக்குத் திரும்புவோம். பழைய இசட் காரின் சொந்தக்காரர்களிடம் பேசினால், கிளட்சை விடும்போது பின்னாலிருந்து வரும் 'டொக்' ஓசையைப் பற்றிச் சொல்லாதவர் அரிது. நியூட்டனின் மூன்றாம் விதிதான் அந்த ஓசை. டிஃபரன்ஷியல் சக்கரங்களை முன்னோக்கிச் சுழற்றும்போது, அதே அளவு முறுக்கு பெட்டியை எதிர்த்திசையில் சுழற்றப் பார்க்கும். பெட்டியின் மூக்கு மேலே எழும். எவ்வளவு விசையோடு? பின்டயர்கள் வழுக்காமல் தாங்கக்கூடிய முறுக்கு, தோராயமாக 1,500 நியூட்டன் மீட்டர். மூக்கிலிருந்து மீசை வரை அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மூக்கை மேலே தள்ளும் விசை 3,000 நியூட்டன். 300 கிலோ எடையைத் தூக்கும் அளவு. கீழேயுள்ள ரப்பர் கட்டை அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால்தான் மூக்கின் மேலே ஒரு பட்டை வார் போட்டிருந்தார்கள். ரப்பர் கிழிந்து, வார் தளர்ந்த காரில் மூக்கு துள்ளி எழுந்து இரும்போடு மோதுகிறது. ரப்பருக்குப் பதில் முழு உலோகக் கட்டையைப் போட்டால் ஓசை நிற்கும், ஆனால் பற்சக்கரங்களின் ஊளை முழுவதும் கேபினுக்குள் வரும். சாலையில் ஓட்டும் காருக்கு நல்ல ரப்பரும், மேலே எழாமல் தடுக்கும் உறுதியான தடுப்பும் போதும் என்பது என் முடிவு.

இப்போது எல்லோரும் முதலில் செய்யும், பெரும்பாலும் தவறாகச் செய்யும் வேலைக்கு வருகிறேன். காரைத் தாழ்த்துவது.

ஆசை புரிகிறது. தாழ்ந்து நிற்கும் இசட் காரின் அழகே தனி. எடை மையம் இறங்கினால் கார் வளைவில் குறைவாகச் சாயும் என்ற நியாயமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் சாய்வைத் தீர்மானிப்பது எடை மையத்தின் உயரம் மட்டும் இல்லை. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அதற்கும் எடை மையத்துக்கும் இடையிலுள்ள தூரம்தான் நெம்புகோல். அந்தப் புள்ளிக்கு ரோல் சென்டர் என்று பெயர். கண்ணால் பார்க்க முடியாது. கோடு போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கீழ்க்கையின் வழியாக ஒரு கோடு, ஸ்ட்ரட்டின் மேல்முனையில் ஸ்ட்ரட்டுக்குச் செங்குத்தாக இன்னொரு கோடு. இரண்டும் காருக்கு வெளியே, வெகு தூரத்தில் சந்திக்கும். அந்தச் சந்திப்பிலிருந்து டயர் தரையைத் தொடும் இடத்துக்கு மூன்றாவது கோடு. அது காரின் நடுக்கோட்டை வெட்டும் உயரமே ரோல் சென்டர்.

இந்த வகை அமைப்புக்கு நானே ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீழ்க்கை தரைக்கு இணையாக இருக்கும்போது ரோல் சென்டர் தரையிலிருந்து 34 மில்லிமீட்டர் உயரம். எடை மையம் 450 என்று கொண்டால் நெம்புகோல் 416. காரை 25 மில்லிமீட்டர் தாழ்த்துகிறோம். சக்கரம் இருந்த இடத்தில் இருக்க, உடல் இறங்குவதால் கையின் உள்முனை தாழ்ந்து கை சரிகிறது. தூரத்துச் சந்திப்புப் புள்ளி தரைக்கு அடியில் போய்விடுகிறது. ரோல் சென்டர் தரைக்குக் கீழே 27க்கு இறங்குகிறது. எடை மையம் இறங்கியது 25, ரோல் சென்டர் இறங்கியது 61. நெம்புகோல் 452 ஆக நீண்டுவிட்டது. காரைத் தாழ்த்திய பிறகு அதைச் சாய்க்கும் முறுக்கு ஒன்பது சதவீதம் அளவுக்குக் கூடியிருக்கிறது! விறைப்பான ஸ்பிரிங் போட்டு அதை மறைக்கிறார்கள். விறைப்பான ஸ்பிரிங்கோடு தாழ்த்திய கார் நன்றாக ஓடினால், பெருமை ஸ்பிரிங்குக்கே.

அதோடு முடியவில்லை. சரிந்த கை, சக்கரம் மேலும் ஏறும்போது ஹப்பின் அடிப்பகுதியை உள்ளே இழுக்கிறது. வளைவில் எடையெல்லாம் ஏறிய வெளிச்சக்கரம் தலையை உள்ளே சாய்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் டயர் முழு அகலத்தில் தரையில் படியும். இங்கே அடி உள்ளே போவதால் தலை வெளியே சாய்கிறது. டயரின் வெளியோரம் மட்டும் சாலையில் உரசித் தேயும். ஷாக் அப்சார்பரின் பயணமும் குறைந்து, சிறு பள்ளத்திலேயே அடித்தட்டைத் தொடும். இதைப் புரிந்தவர்கள் ஸ்ட்ரட் குழாயை வெட்டிக் குட்டையாக்கி, குட்டை ஷாக் அப்சார்பர் போட்டுப் பற்றவைக்கிறார்கள். கையின் உள்முனைப் பிடிப்பை மேலே உயர்த்தி, கையை மறுபடி தரைக்கு இணையாகக் கொண்டுவருகிறார்கள். அதற்கு மனமில்லை என்றால், தாழ்த்தாமல் விடுவதே காருக்குச் செய்யும் நன்மை. இந்தக் காரின் நீண்ட சஸ்பென்ஷன் பயணம் வீணாக வந்தது இல்லை. 1971இலும் 1973இலும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை வென்றது இதே எஸ்30தான். முதல்முறை எட்கர் ஹெர்மன், இரண்டாம் முறை உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா. அந்த மண்சாலைகளில் தாழ்ந்த காருக்கு என்ன வேலை?

கையின் முனைகளிலுள்ள ரப்பர் புஷ்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பின்சக்கரத்தின் திசையை நேராக வைத்திருப்பவை அவை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் முன்னோக்கி இழுக்கிறது. ரப்பர் சற்றே நசுங்கி, சக்கரத்தின் முன்முனை உள்ளே திரும்புகிறது. கார் நிதானமாக இருக்கும். வளைவின் நடுவே பயந்து காலை எடுத்தால் விசை தலைகீழாகிறது. முன்முனை வெளியே திரும்புகிறது. எடை ஏறிய வெளிச்சக்கரம் வெளிப்பக்கம் பார்த்தால் கார் வால் வீசத் தொடங்கும். புஷ்களுக்கு இடையே 300 மில்லிமீட்டர் என்று வைத்து, ஒவ்வொன்றும் எதிரெதிர்த் திசையில் ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே சக்கரம் கிட்டத்தட்ட 0.4 டிகிரி திரும்பிவிடும். ஐம்பது ஆண்டு பழைய ரப்பர் ஒரு மில்லிமீட்டரோடு நிற்காது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் பின்சக்கரத்தின் திசையைச் சரிசெய்ய எந்தத் திருகும் கிடையாது என்பதால், வீல் அலைன்மென்ட் செய்பவராலும் உதவ முடியாது. கையின் உள்முனையில் மையம் விலகிய புஷ்களோ, நீளம் மாற்றக்கூடிய கைகளோ போட்டால்தான் வழி.

புஷ்ஷை மாற்றலாம் என்று இறங்குபவரைச் சோதிக்கும் ஒரு முளை அங்கே இருக்கிறது. ஸ்ட்ரட்டின் அடிவார்ப்பைக் குறுக்கே துளைத்துச் செல்லும் நீண்ட எஃகு முளை. அதன் இரு முனைகளும் கீழ்க்கையின் புஷ்களுக்குள் நிற்கும். நடுவில் ஒரு சிறு ஆப்பு போல்ட் அதைப் பூட்டுகிறது. ஆப்பைக் கழற்றினால் முளை வழுக்கி வர வேண்டும். பல பத்தாண்டுகள் மழைநீர் குடித்த முளை, துருவால் வார்ப்போடு ஒன்றாகியிருக்கும். சுத்தியலால் அடித்தால் முனையின் மரைதான் மலர்ந்து கெடும். பிறகு எந்தத் திசையிலும் நகராது. நாலைந்து நாள் துரு நீக்கும் எண்ணெயை ஊறவிட்டு, மரையைக் கடித்து நேராக இழுக்கும் கருவியால் அசைக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் புஷ்ஷுக்கும் வார்ப்புக்கும் இடையே ரம்பத்தை நுழைத்து முளையை இரு பக்கமும் அறுத்து, மிச்சத்தை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தள்ளுவார்கள். புது முளைக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

டிஃபரன்ஷியலைப் பெரிதாக்குவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 240இசட்டில் இருப்பது ஆர்180, அதாவது அதன் உள்ளே இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் 180 மில்லிமீட்டர். பின்னாளில் 280இசட்டில் வந்த ஆர்200இன் கிரவுன் வீல் 200. இன்ஜினின் வலிமையை இரட்டிப்பாக்கப் போவதில்லை என்றால் முதலாவதே தாங்கும். ஒரு சக்கரம் மட்டும் வீணாக வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் உள்ளே வேண்டுவோருக்கு, சுபாரு இம்ப்ரெசா எஸ்டிஐ காரின் ஆர்180 பெட்டி சிறு மாற்றங்களோடு பொருந்துவது பெரிய வரம்.

கடைசியாக, இரும்புக்கு மேலே உள்ள பின்பக்கம். வேகமாகப் போகும் காரின் வாலில் காற்று உடலை விட்டுப் பிரிந்து, பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு குழியை உண்டாக்குகிறது. அந்தக் குழியில் காற்று சுழன்று திரும்பி வாலை நோக்கி வரும். புகைக்குழாய் துப்பியதும் அதோடு சேர்ந்து வரும். கூரையின் சரிவில் வேகமெடுக்கும் காற்றோ வாலை மேலே தூக்கும், வேகம் இரட்டித்தால் தூக்கும் விசை நான்கு மடங்கு. பந்தய அணி வைத்திருந்த பீட்டர் பிராக் இந்தத் தூக்கலைக் குறைக்க, வாலின் விளிம்பில் ஸ்பாய்லர் என்ற காற்றுத் தடுப்பை நிறுத்தினார். அவருடைய பிஆர்இ அணியின் 240இசட்டில் ஜான் மார்ட்டன் 1970, 1971 ஆகிய இரு ஆண்டுகளும் அமெரிக்காவின் எஸ்சிசிஏ என்ற கார் பந்தயச் சங்கத்தின் சி புரொடக்‌ஷன் பட்டத்தை வென்றார். சாலைக் காரில் ஓட்டுநருக்குத் தலைவலி கொடுப்பது புகைதான். தொடக்கக் கார்களில் கேபின் காற்று வெளியேறும் துளைகள் பின்கதவிலேயே, அந்தக் குழிக்கு நேர் எதிரே இருந்தன. 1971இல் அவற்றைப் பக்கத் தூணுக்கு மாற்றினார்கள். ஜன்னலைத் திறந்து ஓட்டினால் கேபினின் அழுத்தம் குறைந்து, பின்கதவின் காய்ந்த ரப்பர் வழியே புகை உள்ளே இழுக்கப்படும். அதில் மணமில்லாத கார்பன் மோனாக்சைடும் உண்டு.

சோதித்துப் பார்க்க ஒரு தாள் போதும். ரூபாய் நோட்டின் அகலத்தில் கிழித்து, பின்கதவின் விளிம்பில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். இறுகப் பிடித்தால் அந்த இடத்தில் ரப்பர் உயிரோடிருக்கிறது. சுற்றிலும் ஒரு சாணுக்கு ஒருமுறை இழுத்துக்கொண்டே வாருங்கள். வழுக்கி வரும் இடங்களில் சாக்பீஸால் குறியிடுங்கள். பின்விளக்குகளின் அடியிலுள்ள ரப்பரையும் விடாதீர்கள்.