அப்சர்ட்: இற்றைச்சேர்ப்பு

தரவுத்தளத்தில் பதிவை மாற்றும் கட்டளை அப்டேட், புதுப் பதிவு சேர்க்கும் கட்டளை இன்செர்ட். அப்டேட்டின் தலையையும் இன்செர்ட்டின் வாலையும் ஒட்டிப் பிறந்த சொல் 'அப்சர்ட்'. வேறோர் அட்டவணையிலிருந்து வரும் பதிவு நம்மிடம் ஏற்கெனவே இருந்தால் அதை மாற்று, இல்லாவிட்டால் புதிதாகச் சேர் என்று பொருள். தரவுத்தளங்களோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லின் தரநிலையில் இந்தப் பெயரில் கட்டளை கிடையாது. அந்த வேலையைச் செய்யும் 'மெர்ஜ்' 2003 தரநிலையில் வந்தது. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 2016இல் வெளிவந்த 9.5 பதிப்பு, இன்செர்ட்டுக்குப் பின்னால் 'ஆன் கான்ஃப்ளிக்ட்' (மோதினால்) என்று எழுத வழிசெய்தது.

சிங்கப்பூரில் ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது. நிகழ்ச்சிக்கு இணையப் படிவத்தில் பெயர் வாங்கும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். பழைய உறுப்பினர் ஒருவர் ஈசூனிலிருந்து பொங்கோலுக்குப் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு மாறியிருப்பார். கைப்பேசி எண் அதேதான். அந்த எண்ணை வைத்துப் பொருத்தினால் அவருடைய முகவரி மட்டும் மாறும். புதியவர்கள் புதுப் பதிவாகச் சேர்வார்கள். இதற்கு அந்த எண் நெடுவரிசையில் 'யூனிக்' கட்டுப்பாடு, அதாவது ஒரே எண் இரண்டு பதிவில் வரக்கூடாது என்ற விதி, இருக்க வேண்டும். இல்லையென்றால் போஸ்ட்கிரஸ் கட்டளையையே ஏற்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? அப்டேட்டுக்குப் 'புதுப்பி' என்கிறார்கள் பலர். கடப்பிதழைப் புதுப்பிக்கிறோம், அதாவது காலாவதியாவதை நீட்டிக்கிறோம். இங்கே நடப்பது அது இல்லை. தகவலை இன்றைய நிலைக்குக் கொண்டுவருகிறோம். 'இன்று' என்பதன் பழைய வடிவான 'இற்றை' புறநானூற்றின் 112ஆம் பாட்டிலேயே உண்டு. ஆகவே இற்றைப்படுத்தல்தான் பொருத்தம். இன்செர்ட்டுக்குச் 'செருகு' எனக்கு உடன்பாடில்லை. செருக வேண்டுமானால் இரண்டுக்கு நடுவே இடம் வேண்டும். எஸ்கியூஎல் அட்டவணையில் பதிவுகளுக்கு வரிசையே இல்லை. 'சேர்' போதும்.

'திருத்திச்சேர்' என்றும் சொல்லலாமே என்று தோன்றும். அப்படிச் சொன்னால் ஒரே பதிவை முதலில் திருத்தி, அப்புறம் சேர்ப்பதாக ஆகிவிடும். உண்மையில் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. அதனால் இரண்டையும் அருகருகே நிறுத்தும் 'இற்றைச்சேர்ப்பு' என்பதையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். படிவத்தை ஒருவரே இரண்டு முறை அனுப்பி, வரும் அட்டவணையில் ஒரே எண் இரண்டு தடவை இருந்தால், 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட்' (மோதினால் இற்றைப்படுத்து) ஒரே பதிவை இருமுறை தொட மறுத்து, மொத்தக் கட்டளையையும் பிழையோடு நிறுத்திவிடும். கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டு, பிறகு இயக்குங்கள்.