“லாரி நம்முடையது இல்லையே” என்பவர்களுக்கு

கனரக லாரி விதிமீறல் பற்றிய விசாரணைக் கடிதம் கைக்கு வந்ததும் சரக்கு அனுப்புபவர்களும் கிடங்கு நடத்துபவர்களும் முதலில் சொல்வது எப்போதும் இதைத்தான்: “லாரி நம்முடையது இல்லையே, டிரைவரும் நம்ம ஆள் இல்லையே.” ஆஸ்திரேலியாவில் இந்தப் பேச்சு எடுபடாது. எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், அடுத்த கடிதத்தோடு அதே வாக்கியம் திரும்பி வருகிறது.

தேசிய கனரக வாகனச் சட்டம் 2014 பிப்ரவரி 10 முதல் நடப்பில் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவும் வட பிரதேசமும் இதில் சேரவில்லை. அங்கே தனிச் சட்டங்கள். மற்ற இடங்களில், சரக்கோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை 4.5 டன்னைத் தாண்டும் வண்டியில் உங்கள் சரக்கு ஏறினால் இந்தச் சட்டம் உங்களையும் தொடும். ‘செயின் ஆஃப் ரெஸ்பான்சிபிலிட்டி’ என்ற பொறுப்புச் சங்கிலியில் பத்துத் தரப்புகள் உண்டு: ஓட்டுநரின் முதலாளி, சொந்தமாகத் தொழில் செய்யும் ஓட்டுநரை அமர்த்துபவர், வண்டியை இயக்கும் நிறுவனம், நேர அட்டவணை போடுபவர், சரக்கு அனுப்புபவர், பெறுபவர், பொதி கட்டுபவர், ஏற்றி இறக்கும் இடத்தின் மேலாளர், ஏற்றுபவர், இறக்குபவர். ஓட்டுநர் இந்தப் பத்தில் இல்லை. அவருடைய கடமைகள் தனி.

விசிட்டிங் கார்டில் என்ன பதவி என்று சட்டம் பார்ப்பதில்லை. என்ன வேலை செய்தீர்கள் என்றுதான் பார்க்கும். சிட்னியின் பெண்டில் ஹில்லில் கடை வைத்து, அரிசியைக் கண்டெய்னரில் இறக்குமதி செய்கிறீர்களா? இறக்குமதியாளர் என்ற முறையில் நீங்கள் ‘அனுப்புபவர்’ ஆகலாம். உங்கள் கிடங்குக்கே சரக்கு வந்தால் ‘பெறுபவர்’. உங்கள் பையன் போர்க்லிஃப்டில் இறக்கினால் ‘இறக்குபவர்’. ஒரே ஆளுக்கு மூன்று பொறுப்புகள், லாரி ஒன்றுகூடச் சொந்தமாக இல்லாமல்.

அடுத்த தவறான நம்பிக்கை, கையெழுத்து. “போக்குவரத்துப் பொறுப்பு முழுவதும் ஒப்பந்ததாரருடையது” என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தயவுசெய்து இதை ஒரு முறையாவது நிதானமாகப் படியுங்கள்: இந்தச் சட்டத்தில் கடமையைக் கைமாற்ற முடியாது. ஒரே கடமை ஒரே நேரத்தில் பலர்மேல் இருக்கலாம். ஒருவர் ஏற்றுக்கொண்டதால் மற்றவருடையது குறையாது. அந்த வரி உங்களுக்குக் கேடயமாகாது. வேறு எதுவும் செய்யாமல் அதை மட்டும் எழுதி வைத்திருந்தால், ஆபத்து தெரிந்தும் தள்ளிவிடப் பார்த்தீர்கள் என்பதற்கே அது சாட்சியாகும். 2018 அக்டோபர் 1 திருத்தத்துக்குப் பிறகு விபத்து நடந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. நியாயமாகச் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டதே குற்றம். ஆபத்து தெரிந்தே அலட்சியம் காட்டிய முதல் வகைக் குற்றத்துக்குத் தனிநபருக்கு 3 லட்சம் டாலர் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும், நிறுவனத்துக்கு 30 லட்சம் டாலர் வரை அபராதமும் என்று அந்தத் திருத்தம் வைத்தது. அபராதத் தொகை அதன் பிறகு ஏறிக்கொண்டே போகிறது.

இனி நேரக் கணக்கு. சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு ஹியூம் நெடுஞ்சாலையில் சுமார் 870 கிலோமீட்டர். லாரியின் உச்ச வேகம் 100; சராசரி 85 கிடைத்தால் நல்ல ஓட்டம். அதுவே பத்தேகால் மணி நேரம். 12 டன்னுக்கு மேற்பட்ட லாரியைத் தனியாக ஓட்டுபவருக்குச் சாதாரண விதிப்படி 24 மணி நேரத்தில் 12 மணி நேரம்தான் வேலை. 7 மணி நேரம் தொடர் ஓய்வு. வேலை என்றால் ஸ்டீயரிங் பிடிப்பது மட்டுமல்ல. ஏற்றுவது, இறக்குவது, டீசல் போடுவது, என்ஜின் ஓட இருக்கையில் உட்கார்ந்து வரிசையில் நகர்வது, எல்லாமே வேலைதான். உங்கள் வாசலில் இரண்டு மணி நேரம் அப்படிக் காக்கவைத்தால் அவருடைய கணக்கு 12-ஐத் தாண்டிவிடும். அதன் பிறகு “அண்ணா, காலைல ஆறு மணிக்குக் கடை திறக்கணும், எப்படியாவது வந்துடுங்க” என்று வாட்ஸ்அப் அனுப்புகிறீர்கள். விதியை மீறாமல் வர முடியாது என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ அப்படிக் கேட்பதே தனிக் குற்றம். மரியாதையாகக் கேட்டோம் என்பது பதிலாகாது.

2020 ஏப்ரல் 22 அன்று மெல்பர்ன் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில், தூக்கமில்லாமல் போதையில் இருந்தவர் ஓட்டிய லாரி மோதி நான்கு காவலர்கள் உயிரிழந்தார்கள். வழக்கு ஓட்டுநரோடு நிற்கவில்லை. நிறுவனத்தின் மேலாளர்கள்வரை போனது.

எடைக்கு வருவோம். ஆறு அச்சு செமி டிரெய்லருக்கு (இழுக்கும் வண்டியும் பின்னால் மாட்டிய டிரெய்லரும்) பொது வரம்பு 42.5 டன்: முன் அச்சு 6, என்ஜின் சுழற்றும் டிரைவ் அச்சுகள் 16.5, பின்னால் மூன்று அச்சுகள் 20. இழுக்கும் வண்டியான ‘பிரைம் மூவர்’, கண்டெய்னரைத் தாங்கும் வெறும் சட்டமான ‘ஸ்கெல் டிரெய்லர்’ இரண்டும் சேர்ந்தே 15 டன் அளவுக்கு வரும். 25 கிலோ அரிசி மூட்டை ஆயிரம் என்றால் 25 டன், கண்டெய்னரின் சொந்த எடை 2.2 டன்னுக்கு மேல். மொத்தம் 42.2. மூட்டைக்குக் கீழே பலட் (அடுக்கும் மரத்தட்டு) வைத்தாலே வரம்பு உடைந்துவிடும். மொத்தம் சரியாக இருந்தாலும், கண்டெய்னர் உட்காரும் இடம் தவறினால் ஒரு அச்சுக் குழு மட்டும் மீறும். டிரெய்லர் இல்லாத சின்ன ரிஜிட் லாரியில் இன்னொரு சிக்கல்: பின் அச்சுக்கும் பின்னால் இருக்கும் சரக்கை முதலில் இறக்கினால் முன் அச்சின் எடை கூடும். கண்டெய்னர் எடை அறிவிப்பை வண்டி சாலையில் இறங்கும் முன்பே ஓட்டுநர் கையில் கொடுங்கள். ஏற்றுமதியாளர் சொன்ன எண்ணை அப்படியே நம்பாமல் எடைமேடைச் சீட்டோடு ஒப்பிடுங்கள்.

கட்டுவதில் ஒரு வார்த்தை. சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் தாளான ஷ்ரிங்க் ராப் சரக்கைப் பலட்டோடு சேர்க்கும், லாரியோடு சேர்க்காது. சரக்கைக் கட்டும் பட்டையில் 2.5 டன் என்று அச்சிட்டிருப்பது அதன் தாங்குதிறன். மேலிருந்து கட்டி, கைப்பிடியை மேல்நோக்கித் தள்ளும் சாதாரண ராட்செட்டால் (பட்டையை இறுக்கும் கருவி) இறுக்கினால் பட்டையில் கிடைக்கும் இழுவிசை சுமார் 300 கிலோதான். கட்டு, முன்பக்கம் சரக்கு எடையில் 80 சதவீத விசையையும், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீதத்தையும் தாங்க வேண்டும். ஏற்றுபவருக்கு இது தெரியாவிட்டால் வண்டியை அனுப்பாதீர்கள்.

வாசலில் வண்டி வந்த நேரமும் போன நேரமும் எழுதும் பதிவேடு வையுங்கள். வரும் ஓட்டுநரிடம் இன்னும் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று கேளுங்கள். தாமதமானால் இறக்கக் கொடுத்த நேரத்தை (ஸ்லாட்) மாற்றிக் கொடுங்கள், அபராதம் போடாதீர்கள். நேரம் முடிந்தது என்று அவர் சொன்னால், உங்கள் வளாகத்தில் ஓரமாக நிறுத்த இடம் கொடுங்கள். தூங்குபவரை நள்ளிரவில் தட்டி எழுப்பி, “வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க” என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு நிமிடம் நகர்த்தினாலும் கணக்கில் அது 15 நிமிட வேலை. ஏழு மணி நேர ஓய்வை அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.