மெட்டர்னிட்டி லீவில் போனால் யூனிவர்சல் கிரெடிட் எவ்வளவு குறையும்?

பிரிட்டனில் பிள்ளைப்பேற்றுக்கு லீவு எடுக்கப் போகிறவர்கள் வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டால், "லீவில் இருந்தாலும் டாக்ஸ் கிரெடிட் குறையாது, பயப்படாதே" என்ற பதில்தான் வரும். பத்து வருடத்துக்கு முன் பிள்ளை பெற்ற அக்காவுக்கு அது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தந்த அந்த டாக்ஸ் கிரெடிட் உதவித்தொகை, 2003 ஏப்ரலில் தொடங்கி 2025 ஏப்ரல் 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உழைக்கும் வயதினருக்கு அந்த இடத்தில் இப்போது இருப்பது, வருமானத்தைப் பார்த்து மாதாமாதம் அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட். அதன் கணக்கு வேறு.

பழைய முறை தாய்மாரிடம் கொஞ்சம் தாராளமாகவே நடந்துகொண்டது. லீவின் முதல் 39 வாரமும் வேலையில் இருப்பதாகவே எடுத்துக்கொண்டார்கள். முதலாளி தரும் சட்டப்படியான மெட்டர்னிட்டி பேயில் வாரத்துக்கு முதல் 100 பவுண்டை வருமானமாகவே பார்க்கவில்லை. அரசு நேரடியாகத் தரும் மெட்டர்னிட்டி அலவன்ஸை முழுவதுமாக விட்டுவிட்டார்கள்.

மெட்டர்னிட்டி பே, அலவன்ஸ் இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். மெட்டர்னிட்டி பேயில் முதல் 6 வாரம் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். மீதி 33 வாரம் அதே 90 சதவீதம் அல்லது வாரம் 187.18 பவுண்டு, எது குறைவோ அது (இங்கே தரும் தொகைகள் 2025-26க்கானவை, வழக்கமாக ஏப்ரலில் மாறும்). அலவன்ஸும் 39 வாரம்தான், உச்ச அளவும் அதே 187.18தான். ஆனால் யூனிவர்சல் கிரெடிட் முதலாவதைச் சம்பளமாகவும், இரண்டாவதை உழைக்காமல் வந்த பணமாகவும் பார்க்கிறது. விஷயமே இதில்தான் இருக்கிறது.

வாரம் 187.18 என்றால் மாதத்துக்குச் சுமார் 811 பவுண்டு. பிள்ளை பிறந்துவிட்டது, வாடகைக்கு உதவி வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது மெட்டர்னிட்டி பேயாக வந்தால் முதல் 684 பவுண்டைத் தொடமாட்டார்கள். மீதியில் பவுண்டுக்கு 55 பென்ஸ் கழிப்பார்கள். ஆக யூனிவர்சல் கிரெடிட்டில் குறைவது சுமார் 70 பவுண்டு. வாடகை உதவியும் வாங்கினால் தொடாத தொகை 411தான். அப்போது சுமார் 220 குறையும். அதே 811 பவுண்டு அலவன்ஸாக வந்தால்? முழு 811உம் கழிந்துவிடும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்வது என்பது இதுதான்.

ஒரு சின்னத் திருத்தம்: அந்த 684, 411 சலுகை பிள்ளை உள்ளவர்களுக்கு. முதல் பிள்ளை பிறக்கும் முன்பே லீவு தொடங்கினால், அந்த வாரங்களில் பொதுவாகச் சலுகை இல்லாமல் 55 பென்ஸ் கழியும்.

சரி, எது வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாமா? முடியாது. பிரசவ வாரத்துக்கு 15 வாரம் முன்பு பார்த்தால், ஒரே முதலாளியிடம் 26 வாரம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். சராசரிச் சம்பளம் வாரம் 125 பவுண்டாவது இருக்க வேண்டும். அப்படியென்றால் மெட்டர்னிட்டி பே. சொந்தத் தொழில் செய்கிறவர்கள், கர்ப்பமான பிறகு வேலை மாறியவர்கள், நேரம் குறைந்து வாரச் சம்பளம் அந்த 125ஐத் தொடாதவர்கள் அலவன்ஸ் பக்கம் போய்விடுகிறார்கள். கையில் குறைவாக இருப்பவர்களிடமே அதிகம் கழிக்கும் இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. கர்ப்பகாலத்தில் வேலை மாற நினைப்பவர்கள் முதலில் அந்த 26 வாரத்தை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி தன் விருப்பத்தில் கூடுதலாகத் தரும் தொகையும், லீவுக்கு நடுவே வேலைக்குப் போகும் நாட்களின் கூலியும் சம்பளக் கணக்கில்தான் சேரும். லீவு மொத்தம் 52 வாரம். கடைசி 13 வாரம் பொதுவாகச் சம்பளம் இல்லை. அப்போது யூனிவர்சல் கிரெடிட் அந்தந்த மாதமே ஏறும். டாக்ஸ் கிரெடிட்டின் வருடக் கணக்கோடு ஒப்பிட்டால் புது முறையில் நல்லது என்று நான் சொல்வது இதை ஒன்றைத்தான். மூத்த பிள்ளையின் நர்சரிக் கட்டணத்துக்கு 85 சதவீதம் வரை தரும் உதவியும், மெட்டர்னிட்டி பே அல்லது அலவன்ஸ் வரும் வரை வேலையில் இருப்பதாகவே கருதித் தொடரும்.

வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொது நிதி, அதாவது குறிப்பிட்ட அரசு உதவித்தொகைகள், வாங்கக் கூடாது என்ற விசா நிபந்தனை யூனிவர்சல் கிரெடிட்டுக்கும், பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட்டுக்கும் பொருந்தும். மெட்டர்னிட்டி பேயும் அலவன்ஸும் அதற்குள் வராது. தகுதி இருந்தால் தயங்காமல் கேட்கலாம்.

அப்புறம், பிள்ளை பிறந்ததை யூனிவர்சல் கிரெடிட் ஆன்லைன் கணக்கில் உடனே பதியுங்கள். உங்கள் மாதக் கணக்கு 7ஆம் தேதி தொடங்கி 6ஆம் தேதி முடிகிறது, பிள்ளை 3ஆம் தேதி பிறக்கிறது என்றால், 6ஆம் தேதிக்குள் சொன்னால் அந்த முழு மாதத்துக்கும் பிள்ளைக்கான 292.81 பவுண்டு சேரும். 9ஆம் தேதி சொன்னால் பொதுவாக அடுத்த மாதத்திலிருந்துதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து இதை யார் செய்வது? கணவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.